மோன்மொரென்சியும் என் அப்பாவின் பெயரும்

மொன்ட்ரியலுக்கு வந்த புதிதில் என் வாய்க்குள் நுழையவே மறுத்த பெயர் மோன்மொரென்சி. சென்ட் லோரன்டில் நான் ஏறும் மெட்ரோ அந்த ஸ்டேஷனில்தான் போய் முடியும். ரயில் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் ஏறலாம், வேலைக்குப் போய்ச் சேரலாம். வேறென்ன தெரிய வேண்டும்?

பிள்ளை வயிற்றில் இருந்த கோடையில் புளிப்புக்கு நாக்குத் துடித்தது. மாங்காய் இல்லையென்று இவர் ஒரு பெட்டி புளிச் செரிப்பழம் வாங்கி வந்தார். பெட்டியிலும் மோன்மொரென்சி! உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரே இருப்பில் முடித்தேன்.

அடுத்த நாள் கூட வேலை செய்யும் கியூபெக்காரியிடம் கேட்டேன். பிரான்சின் பழைய பிரபுக் குடும்பமாம். இங்கே பெரிய அருவி ஒன்றுக்கும் அதே பெயராம். அருவிக்குப் பெயர் கொடுத்த பிரபு இந்த நாட்டில் காலே வைக்கவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டியவர். மூன்றும் பெண்கள். இந்தக் கியூபெக் மாகாணத்தில் கல்யாணம் முடித்தாலும் பெண்ணின் பெயர் மாறாது என்பதால் அவர் பெயர் என்னோடு இதுவரை வந்துவிட்டது. என்னோடு முடிந்தும் போகும். சும்மா விடுவேனா?

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு என்ரை அப்பான்ரை பேரும் வேணும்."

"விசரே உமக்கு? எங்கடை ஆக்கள் தேப்பன் வழிப் பேரைத்தானே வைக்கிறவை."

"இஞ்சை வராத பிரபுவுக்கு ரயில், அருவி, பழம். வாழ்நாள் முழுக்க பஸ் ஓடின மனிசனுக்கு ஒண்டுமில்லையோ?"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழுதுவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் அழுகை, லேசில் நிற்குமா?

அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்து முறையிட்டேன்.

"அது மருமோன்ரை உரிமை, பிள்ளை. சண்டை பிடியாதை," என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. இவர் என் பின்னால் நின்று அதைப் பார்த்தார்.

மகள் பிறந்ததும் பெயர் பதியும்போது, நான் வாய் திறக்கும் முன்பே இவர் சொன்னார்: "உம்மடை அப்பான்ரை பேர், என்ரை அப்பான்ரை பேர், ரெண்டையும் போடுவம். நீளமெண்டால் அவள் பேந்து எங்களை ஏசட்டும்."

இப்போது மகள் கார்டெரிக்கு, அதுதான் குழந்தைகள் காப்பகத்துக்கு, போகிறாள். அங்கே முழுப்பெயர் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். போன ஞாயிறு நான் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது போனைப் பறித்து, "பொன்ஜூர்!" என்று தன் பெயரைச் சொல்லி, பின்னால் என் அப்பாவின் பெயரையும் இவருடைய அப்பாவின் பெயரையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"லைன் சரியில்லை, பிள்ளை. இன்னொருக்காச் சொல்லச் சொல்லு."

லைனில் ஒரு பிழையும் இல்லை.