மற்றவனைப் புகழ்ந்த கோடை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது நாலு பிள்ளைகள். அவர்கள் வேலை வேலை என்று ஓட, அவர்களுடைய பிள்ளைகளில் மூன்று பேரையும் நானே வளர்த்தேன். ஆக ஏழு பேர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். ஒரு விஷயம் சொல்ல இருக்கிறது, அது வாயால் சொல்ல வரமாட்டேன் என்கிறது.

எனக்கு ஃபுட்டி, அதுதான் இந்த ஆஸ்திரேலியக்காரரின் பந்தாட்டம், தெரியும். கோயிலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் ஒருவருக்கும் மார்க் என்றால் என்னவென்று தெரியாது. உதைத்த பந்து நிலத்தில் விழமுன், ஆகாயத்தில் வைத்தே இரண்டு கையாலும் பிடிப்பதுதான் மார்க். பிடித்தவனை அதற்குப் பிறகு ஒருவரும் தொடக்கூடாது. அவன் ஆறுதலாக, அவசரப்படாமல் குறிபார்த்துக் கோலுக்கு அடிக்கலாம். கோலுக்குக் கிட்ட நின்று இப்படிப் பிடிக்கிறவன்தான் ஒரு அணிக்கு உயிர். அவன் கை வழுக்கினால், மற்றப் பதினேழு பேர் ஓடினதும் வீண்.

என் மகளின் மகன் ஆறு வயதில் எங்கள் நோபல் பார்க் பக்கத்துக் கிளப்பில் சேர்ந்தான். மகளுக்கு ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஷிஃப்ட், மருமகனுக்குத் தொழிற்சாலை. ஆகவே பேரனைக் கூட்டிக்கொண்டு போனது நான். மடக்குக் கதிரையை வேலியோரம் விரித்து, வெட்டின தோடம்பழங்களை மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் இருந்தேன். முதல் வருடம் முழுக்க, இந்தப் பிள்ளைகள் ஏன் அடிபடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பிடிபட்டது. இப்போது பந்து வருமுன்னமே, அது எந்தப் பெடியனிடம் போகும் என்று அவனுடைய காலைப் பார்த்தே சொல்வேன்.

மற்றவர்கள் ஏப்பிரலில் மட்ச் தொடங்கினால்தான் வருவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின கோடைதான். நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் தின்ற தின்னலோடு தொப்பையை ஏந்திக்கொண்டு பெடியன்கள் வந்து நிற்பார்கள். கோச் நாலு சுற்று ஓடவிட்டதும் பாதிப்பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுப்பார்கள். அந்த நாட்களில் கோலை ஒருவரும் எண்ணுவதில்லை. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்பது அப்போதுதான் தீரும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோச் உடைமாற்றும் அறையிலுள்ள வெள்ளைப் பலகையில் பெயர் எழுதின காந்த வில்லைகளை ஒட்டுவார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. என் பேரனுடைய பெயர் குட்டையானது, அதை வைத்துக் கண்டுபிடிப்பேன்.

இந்த வருடம் அவனுக்குப் பதினெட்டு. முதல்தரமாகப் பெரியவர்களின் அணிக்கு முயற்சி செய்தான். முன்வரிசையில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அதற்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவன் என் பேரன்.

மற்றவன் தை மாதத்தில் வந்தான். ஸ்பிரிங்வேலில் இருக்கிற இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெடியன். தென்னை மாதிரி உயரம். கூடவே அவனுடைய பாட்டியும் வந்தார். கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட நாலைந்து வயது இளமை. அந்த மனிசி விரித்த மடக்குக் கதிரையில் தேத்தண்ணிக் கோப்பை வைப்பதற்கென்றே ஒரு ஓட்டை இருந்தது. பன்னிரண்டு வருடமாக என் கதிரையில் அப்படி ஒன்று இல்லையே என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அது போதாதென்று ஒரு டப்பா நிறைய முறுக்கு. இடைவேளையில் பெடியன்கள் எல்லாரும் அந்தப் பக்கம் மொய்த்தார்கள். என் தோடம்பழங்கள் வெயிலில் காய்ந்தன.

அதெல்லாம் சின்ன எரிச்சல். பெரியது பின்னால் வந்தது. கோச் உயர உதைத்த பந்துக்கு நாலு பேர் எழும்பினார்கள். மூன்று பேர் கீழே வந்துவிட்டார்கள். அந்தப் பெடியன் மட்டும் இன்னும் மேலேயே நின்றான். பந்து அவனுடைய கைக்குள் வந்து இருந்தது, சத்தமே இல்லாமல். நான் எத்தனையோ பேர் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை.

"உங்க பேரன் நெறைய வருசமா ஆடுறானுங்களா, அக்கா?" என்று அந்த மனிசி கேட்டார்.

"பன்ரண்டு வருசம்."

"அப்படிங்களா! இவன் இத ஆட ஆரம்பிச்சே ரெண்டு வருசந்தாங்க ஆச்சு. முன்னாடி பாஸ்கெட்பால் ஆடிட்டிருந்தான். இதுல என்ன ரூல்ஸுன்னுகூட அவனுக்குச் சரியாத் தெரியாதுங்க."

"தெரியாமலே இப்பிடிப் பிடிக்கிறான் எண்டால், தெரிஞ்சால் எங்கட பெடியள் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்றேன்.

அந்த மனிசியின் முகம் கறுத்துவிட்டது. "அய்யோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா! அதெல்லாம் சுமாராத்தான் ஆடுவான். கண்ணு பட்டுரும்."

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. அந்த மனிசியே எடுத்துக் கையில் தந்தது போல.

எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வளர்கிற பிள்ளையை வாய் நிறையப் புகழ்ந்தால் நாவூறு படும். அதனால்தான் பிள்ளை வடிவாக இருந்தால் "கறுத்துப் போனான்" என்போம், நன்றாகச் சாப்பிட்டால் "ஒண்டும் தின்னுறானில்லை" என்போம். என் நாக்கு இதில் கொஞ்சம் பேர்போனது. அடுத்த வீட்டு எலுமிச்சையில் காய் குலுங்குது என்று ஒருதரம் சொன்னேன். அந்தக் கிழமையே முழுவதும் கொட்டுப்பட்டுப் போனது. அந்த நாக்கை நான் அதுவரை வேண்டுமென்று பயன்படுத்தினதில்லை. இந்தக் கோடையில் பயன்படுத்தினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தானே உட்கார்ந்தேன்.

அடுத்த பயிற்சியில் அவன் ஓடினாலும் புகழ்ந்தேன், நின்றாலும் புகழ்ந்தேன். "என்ன கையடா அது! என்ன எழுப்பம்! உன்னைப்போல ஒருத்தனும் இஞ்ச இல்லை!" அவனுக்கு விளங்கட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் சேர்த்தேன்: "பியூட்டிஃபுல் ஹாண்ட்ஸ்! வெரி குட் போய்!" அவனுடைய பாட்டி கதிரையில் நெளிந்தார். வேலியோரம் நின்ற வெள்ளைக்காரத் தாய்மார் என்னைப் பார்த்துச் சிரித்து, அவர்களும் கைதட்டினார்கள்.

அன்றைக்கு அவன் மூன்று பந்தைக் கைவிட்டான். கண்ணுக்கு நேரே வந்த பந்து விரலில் பட்டு நழுவியது. எனக்குள் எழும்பிய சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த கிழமை இடைவேளையில் அந்தப் பெடியன் நேரே என் கதிரைக்கு வந்தான்.

"தாங்க்ஸ் பாட்டி."

"ஏன் அப்பன்?"

"போன வாரம் நெர்வஸா இருந்துச்சு. எனக்கு இங்க யாரையும் தெரியாது. டீம்ல யாரும் பேசமாட்டாங்க. நீங்க கத்துறது மட்டும்தான் கேக்குது." பிறகு தன் பாட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எங்க வீட்ல ஒரு நாள்கூட நல்லா ஆடுனேன்னு சொன்னதில்ல. கேட்டா சுமார்ங்கிறாங்க."

நான் தோடம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினேன். வேறு என்ன செய்வது? அவன் அதை வாங்கிச் சப்பிக்கொண்டே ஓடினான்.

அதற்குப் பிறகு அவன் ஒன்றையும் கைவிடவில்லை. பந்துக்கு எழும்பமுன் என் கதிரைப் பக்கம் ஒரு பார்வை, பிறகு ஒரு பாய்ச்சல். என் நாக்குக்கு இப்படி ஒரு தோல்வி வந்ததில்லை. நான் இன்னும் பலமாகப் புகழ்ந்தேன். அவன் இன்னும் உயரமாக எழும்பினான். விட்டிருக்கலாம். ஆனால் சூதாட்டத்தில் தோற்கிறவன் எழும்பிப் போகமாட்டான் அல்லவா, அதுபோல ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் இன்றைக்கு நிச்சயம் பலிக்கும் என்றுதான் போனேன்.

என் பேரனைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆறு வயதிலிருந்தே சொன்னதில்லை. அவன் நன்றாக ஆடின நாளில் வாயை இறுக்கிப் பொத்திக்கொள்வேன். காரில் ஏறினதும் "தண்ணி குடி" என்பேன். அவ்வளவுதான்.

மாசி கடைசியில், கிளப்புக்குள்ளேயே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஒரு மட்ச் வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் கோச் முடிவெடுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். நல்ல வெக்கை. இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம். என் பேரன் எல்லைக்கோட்டில் விழுந்த பந்தை, மூன்று பேருடைய காலுக்குள் கையை விட்டு எடுத்து, திரும்பிப் பார்க்காமலே இடது காலால் அடித்தான். அது வளைந்து போய்க் கோலாகியது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு நீளமான பந்து வந்தது. தன் பக்கத்துக் கோலைக் காக்க ஓடி வந்த என் பேரன் கீழே நின்றான். அந்தப் பெடியன் அவனுடைய தோளுக்கு மேலாக எழும்பினான். வெயில் அவனுக்கு நேரே கண்ணில். பிடித்துவிட்டான்.

"கடவுளே, என்ன பிள்ளையடா இவன்!"

இது நான் திட்டம் போட்டுச் சொன்னதல்ல. பந்தாட்டம் தெரிந்த என் வாயிலிருந்து தானாக வந்தது. நிலத்தில் விழுந்து கிடந்த என் பேரன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நல்ல தூரம். என்றாலும் அந்தப் பார்வை தெரிந்தது.

வியாழக்கிழமை பலகையைப் போய்ப் பார்த்தேன். முன்வரிசையில் ஒட்டியிருந்தது நீளமான பெயர். குட்டைப் பெயர் கீழே, இரண்டாம் அணியில். கோச் ஒரு தாடிக்காரர், பிளம்பர், பெடியன்கள் கூப்பிடுவதைப் பார்த்துத் தானும் என்னை அன்ரி என்றே கூப்பிடுவார். என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில், கார் ஓட்டிக்கொண்டிருந்த பேரனைக் கேட்டேன்.

"என்ன சொன்னவர்?"

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பெடியனுக்கு முதலில பயம் இருந்ததாம். இப்ப இல்லையாம். அன்ரி செய்த வேலை எண்டு சொன்னவர்."

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"இட்ஸ் ஓகே அம்மம்மா. நீங்கள் சொன்னது சரிதானே. அவன் என்னைவிட பெட்டர்."

"நான் அப்பிடிச் சொன்னனானே?"

"இந்த சம்மர் முழுக்கச் சொன்னனீங்கள். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ட்வெல்வ் இயர்ஸ்." கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வானிலை சொல்வது போலச் சொன்னான்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும்: அது புகழ்ச்சி இல்லையடா, நாவூறு. உன்னைப் புகழாமல் இருந்ததுதான் என்னுடைய காவல் என்று. ஆனால் இன்னொருத்தியின் பிள்ளைக்கு வேண்டுமென்று நாவூறு வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஏழு பேரை வளர்த்தவள் என்று தலை நிமிர்ந்து நடக்கிறவள் நான். விளக்குப் பச்சையானது. கார் போனது.

இரண்டாம் அணியின் முதல் இரண்டு மட்சுக்கும் "நீங்கள் வரத் தேவையில்லை" என்றான். போன ஞாயிறு இரவுச் சாப்பாட்டில், இந்த வருடத்தோடு ஃபுட்டியை விடப்போவதாகத் தாயிடம் சொன்னான். இன்றைக்குப் பின்னேரம் பயிற்சி இருக்கிறது. போகமாட்டானாம்.

அந்தப் பெடியனை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, அதை மறைக்கமாட்டேன். அவன் நின்ற இடம் என் பேரனுடையது என்றுதான் மனம் சொல்கிறது. அந்த முறுக்கும் அவ்வளவு மொறுமொறுப்பில்லை. ஆனால் அவன் ஒரே கோடையில் என்னிடம் வாங்கினதை என் பேரன் பன்னிரண்டு வருடத்தில் வாங்கவில்லை. அதை நான்தான் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஆகவே எழுதுகிறேன். பட்டால் படட்டும். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வைத்திருக்கிறேன், பின்வளவில் பார்பிக்யூ அடுப்பும் மூட்டியாயிற்று. வீட்டுக்குள் போட்டால் புகை அலாரம் கத்தும். வாசித்து முடிந்ததும் அவனைப் பிடித்து நிறுத்திச் சுற்றிப் போடுவேன்.

அப்பன், நீ உயரத்தில் அவனிலும் பார்க்கக் குறைவு. அது உண்மை. ஆனால் நிலத்தில் விழுந்த பந்தை உன்னைப்போல எடுக்கிறவனை நான் இந்த மைதானத்தில் கண்டதில்லை. டிவியில் ஆடுகிறவர்களிலும் இரண்டு மூன்று பேரிடம்தான் அந்தக் கை இருக்கிறது. உன் இடது கால் அடிக்கிற பந்து கோலைத் தேடிக்கொண்டு போகும். மாசி மாதம் எல்லைக்கோட்டில் நீ அடித்தாயே, அதைப் பார்க்காமல் நான் நிலத்தைப் பார்த்தேன் என்று எழுதினேன். பொய். கோலுக்குள் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன். நீ ஒன்பது வயதில் காய்ச்சலோடு ஆடி அடித்த இரண்டு கோலும் எந்தப் பக்கத்துக் கம்பத்துக்குக் கிட்டப் போனது என்று இப்போதும் சொல்வேன். நீ நல்ல ஆட்டக்காரன். மிக நல்ல ஆட்டக்காரன். எழுதிவிட்டேன்.

அவனுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவனுடைய தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இஞ்ச வா. கொண்ணன் குசினிக்குள்ள சாப்பிடுறான். நீ அந்த வாசலிலயே இருந்து இதை முதலில இருந்து வாசி. சத்தமாய் வாசி, என்ன? அவன் நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்டாத."