பீப்பாய்க்குப் பின்னால் இருந்தவர்

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு. ஜார்ஜ்டவுனில் ஒரு காப்பிக்கடை மாடியில், பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தில் இருந்தோம். என் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜுரு என்ற ஊரில் கார் விற்பவர். ஆறடி உயரம், பளீரென்ற மஞ்சள் சட்டை. ஆட்டத்தில் அவருக்குத் திருடன் வேடம். திருடன் ஒளியும்போதெல்லாம் இவரும் மேசையோடு குனிந்து குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அன்று கதையில் வந்த பூதம் அடித்ததில் திருடனுக்குப் பலத்த காயம். உடனே ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வைத்தியன் வேடத்தில் இருந்த நான் மருந்து கொடுக்கப் போனேன். ஆட்டத்தை நடத்தும் அக்கா தடுத்தார்.

"அவரு ஒளிஞ்சாச்சு. பூதத்துக்குத் தெரியலன்னா உங்களுக்கும் தெரியாது. ரூல்ஸ் அப்படித்தான்."

"என் எதிர்லதானே உட்கார்ந்திருக்காரு லா!"

"அவரு கூப்பிட்டா போங்க. ஆனா பூதத்துக்கும் கேட்டுடும்."

"கூப்பிடுங்கண்ணே," என்றேன். "ரெண்டு வருஷமா வளர்த்த ஆளு, செத்துடுவான்."

"ஷ்ஷ்," என்றார் அவர், இன்னும் குனிந்து.

அடுத்த சுற்றில் ரத்தம் வடிந்து திருடன் இறந்தான். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடியபடி அவரோடு படியிறங்கினேன். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் பூதம் என்னைப் பார்க்கலதானே?"

"பார்க்கலண்ணே."

மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. துக்கம் விசாரிப்பதா, கைகொடுத்துப் பாராட்டுவதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.