ரப்பர் மூடியில் காய்ந்த சந்தனம்

வன்னியராஜன் இறந்த செய்தியை ஒரு பிளெக்ஸ் பேனர்தான் எனக்குச் சொன்னது. காலையில் பால் வாங்கிக்கொண்டு பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தைத் தாண்டும்போது இரண்டு பேர் அதை மின்கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தன் வண்டியில் சாய்ந்து நிற்கும் படம். கீழே எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் பெயர். அதற்கும் கீழே, "எங்களைப் பத்திரமாக அழைத்துச் சென்றவரே, எங்கே சென்றீர்?" என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் சார்ஜில் கிடந்த போனில் அவர் மனைவியின் அழைப்புகள் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். முந்தைய இரவு மாரடைப்பு. விடிவதற்குள் பேனர் அடித்துவிட்டார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் எதற்கும் இவ்வளவு வேகம் காட்டாத சங்கம் அது.

அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அவர் இயற்பியல் ஆசிரியர், நான் வரலாறு. இருவருக்கும் வீடு ராஜபாளையம். பல ஆண்டுகள் ஒன்றாகவே வண்டியில் போய் வந்தோம். எங்களைச் சங்கத்தில் சேர்த்துவிட்டது யார் என்று நினைவில்லை. நினைவிருந்தால் அவர் மேலும் எனக்கு ஒரு கோபம் இருந்திருக்கும்.

மலை தாண்டிக் கேரளப் பக்கம் போக ஆரம்பித்தபோதுதான் வழி காட்டும் கருவி வேண்டும் என்ற பேச்சு வந்தது. போன் இருக்கும்போது தனியாக ஜிபிஎஸ் எதற்கு என்று நான் கேட்டேன். அன்று மதியமே என் போனை ஹேண்டில்பாரில் மாட்டி, சிவகாசி ரோட்டில் என்னை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். பாதி வழியில் திரை மங்கியது. பிறகு சூடு தாங்காமல் போன் தானாகவே அணைந்துபோனது.

"பாத்தீங்களா சார்? இதுக்கு நம்ம ஊரு வெயிலு ஆகாது. அதிர்வுல கேமராவும் போயிரும், மழைத்தண்ணி பட்டா தொடுறதும் கேக்காது. எல்லாத்தையும் விடுங்க. எங்கயாச்சும் விழுந்து கெடந்தா வீட்டுக்கு எதுல பேசுவீங்க? அதையும் வெயில்ல கட்டித் தொங்கவிட்டு சாகடிக்கணுமா?"

இரண்டு மாதம் தேடினார். திரை பெரிதா சிறிதா என்பதை அவர் பார்க்கவில்லை. வெயிலில் எழுத்து தெரிகிறதா, கையுறையோடு தொட்டால் கேட்கிறதா, சிக்னல் இல்லாத காட்டிலும் வரைபடம் உள்ளேயே இருக்குமா, மழை புகாதா என்று மட்டும் பார்த்தார். கடைசியில் ஒன்றை வாங்கினார். நானும் அதையே வாங்கினேன்.

அதை மாட்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு தன் வண்டியில் உட்கார்ந்து, என்னை முன்னால் நிற்க வைத்தார். "என் தாடையைப் பாருங்க சார். கண்ணு மட்டும்தான் எறங்கணும். தாடை எறங்கிச்சுன்னா சொல்லுங்க." கருவியைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தார், தாடை இறங்கியது. இடது கண்ணாடிக் கம்பியில் வைத்தார், தலையே திரும்பியது. கடைசியில் மீட்டருக்குச் சற்று மேலே, நடுவில் ஓர் இடம் கிடைத்தது. கருவியைத் தாங்கும் பிடிக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து முடுக்கினார். சாவியை அணைத்தால் கருவியும் அணையும்படி மின்சாரம் கொடுத்தார். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, வயர் இழுபடாமல் இருக்கும் அளவுக்குத் தளர்த்தி விட்டார். என் வண்டிக்கும் அப்படியே செய்து கொடுத்தார். நடுவில் அவர் மனைவி எட்டிப் பார்த்து, "டீவி ஆண்டனா திருப்பச் சொன்னா மட்டும் கை வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருவியை அவர் கண்மூடித்தனமாக நம்பினார் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு புரட்டாசி சனிக்கிழமை அது எங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோவில் பாதைக்குத் திருப்பியது. அவர் திரும்பவே இல்லை. "மிஷினுக்கு ரோடு தெரியும் சார். இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியாது. அந்தக் கூட்டத்துக்குள்ள போயி மாட்டவா?" என்று வத்திராயிருப்புப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

இனி, அவர்கள் சொல்லிக் காட்டும் அந்தப் பயணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் அச்சன்கோவில் காட்டு வழியாகப் போவதாக முடிவு. முதல் நாள் சங்கத்து வண்டிகளெல்லாம் தலைவரின் பேண்டேஜ் ஆலை வாசலில் வரிசையாக நின்றன. தலைவரின் பெயரை எழுத மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும். வன்னியராஜன் ஜிபிஎஸ்ஸில் வயர் செருகும் வாயின் ரப்பர் மூடியைத் திறந்து வயரைச் சரிபார்த்துவிட்டு, திருப்புளி எடுக்க உள்ளே போனார். அந்த நேரம் தலைவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விளக்குக்கு, மீட்டருக்கு, டேங்குக்கு, பிறகு கருவிக்கும் கெட்டியாக ஒரு பொட்டு. அது திறந்திருந்த வாயின் விளிம்பில் வழிந்தது. அதன் மேலேயே மூடியை அழுத்தி மூடிவிட்டார். வன்னியராஜன் வந்து பார்த்ததும் பையிலிருந்து துணியை எடுத்தார்.

"என்னவே பண்ணுதீரு?" என்றார் தலைவர்.

"இல்ல அண்ணாச்சி, மூடியில கொஞ்சம் பட்டிருக்கு. தொடச்சிருதேன்."

"பூஜைப் பொட்டை அன்னைக்கே தொடைக்கவா? பிசிக்ஸ் படிச்சா இதெல்லாம் மறந்து போயிருமோ? காஞ்சா தானா உதிரும், விடும்வே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். துணி பைக்குள் போனது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜையன்று வண்டியில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. என் வண்டியிலும் நான் துடைக்க மாட்டேன். அவரும் துடைக்கவில்லை. மறுநாள் புறப்படும்முன் ஆலை வாசலில் எடுத்ததுதான் இப்போது பேனரில் இருக்கும் படம்.

செங்கோட்டை தாண்டியதும் மழை. காட்டுக்குள் நுழைந்து வெகுநேரம் கழித்து, ஒரு பிரிவுக்கு முன்னால் கருவியின் திரைக்குள் ஆவி படர்ந்தது. பிறகு வெள்ளையானது. பிறகு அணைந்தது. என்னுடையதைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். போன்களில் சிக்னல் இல்லை. வன்னியராஜன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"மிஷின் போயிருச்சு அண்ணாச்சி. வந்த வழியே திரும்பிருவோம். தெரியாத காடு."

"இம்புட்டு தூரம் வந்துட்டு திரும்பவா? இடது பக்கம் விடும்வே. ரோடு போட்டவன் சும்மாவா போட்டிருப்பான்?"

இடது பக்கம் போனோம். ஒரு ரப்பர் தோட்டத்தின் பூட்டிய கேட்டில் பாதை முடிந்தது. சேற்றில் வண்டியைத் திருப்பும்போது எங்களோடு வந்த சுடலைமணி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அன்று மாலை செங்கோட்டை டீக்கடையில் தலைவர் சொன்ன வாக்கியம் எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "வாத்தியாரு மிஷினை நம்பி வந்தோம். நடுக்காட்டுல விட்டுட்டாரு." திரும்பிவிடுவோம் என்று வன்னியராஜன் சொன்னதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வன்னியராஜன் மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார்.

இரண்டு நாள் கழித்துத் தன் வீட்டில் மூடியைத் திறந்து, ஊக்கின் முனையால் விளிம்பைச் சுரண்டினார். மஞ்சள் கட்டி பெயர்ந்து விழுந்தது. மூடி மூடியதுபோல் இருந்ததே தவிர மூடவில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

"இதைக் கூட்டத்தில காட்டுங்க சார்" என்றேன்.

"அவரு சாமி கும்பிட்டு வச்ச பொட்டு. அதை மேசையில வச்சு நாலு பேர் முன்னாடி குத்தம் சொல்லச் சொல்லுதீங்களா?"

"உங்களைச் சொன்னாரே?"

"சொல்லட்டும். அம்புட்டுத்தான."

அம்புட்டு அல்ல. அதன் பிறகு அவரை முன்னால் ஓட்ட விடவில்லை. வரிசையின் கடைசி இடம். "ஏவே சாட்டிலைட்டு, நாங்க எங்க இருக்கோம்னு பாத்துச் சொல்லும்" என்று ஒவ்வொரு பயணத்திலும் யாராவது கத்துவார்கள். நான் சங்கத்தை விட்டு விலகினேன். அவர் விலகவில்லை. அதைவிட, தலைவர் புது வண்டி வாங்கியபோது அதில் ஜிபிஎஸ் மாட்டிக் கொடுத்தவரும் அவரேதான். தலைவரை வண்டியில் உட்காரவைத்து, முன்னால் நின்று அவர் தாடையைப் பார்த்திருப்பார். அதைக் கேள்விப்பட்டபின் பல மாதங்கள் நான் அவரோடு பேசவில்லை. ஒரே சாலையில் தனித்தனியாகப் பள்ளிக்குப் போனோம். அந்தக் கோபம் தவறு என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

இரங்கல் கூட்டம் அதே ஆலையின் கூடத்தில் நடந்தது. அதே பேனரை மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். தலைவர் பேசினார். சாருக்குத் தெரியாத ரோடு கிடையாது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

"உங்க பின்னால இருக்கிற படத்தைப் பாருங்க. மிஷின் மூடியில மஞ்சளா வழிஞ்சிருக்கே, அது என்ன?"

கூடமே நிமிர்ந்து பார்த்தது. பேனரை அத்தனை பெரிதாக அடித்ததால் நன்றாகவே தெரிந்தது. எப்படி வந்தது, யார் துடைக்க விடவில்லை, காட்டில் திரும்பச் சொன்னது யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "துட்டி கேக்க வந்த எடத்துல எதுக்கு சார் இதெல்லாம்?" என்று ஒரு குரல். தலைவர் அதைக் கையமர்த்தினார். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "என் வண்டியில மிஷினை மாட்டும்போது அவரே சொன்னாரு. 'இந்த மூடியில மட்டும் சந்தனம் வைக்காதீங்க அண்ணாச்சி, என்னோடது அதுலதான் போச்சு'ன்னாரு. எங்க ரெண்டு பேருக்குள்ள அது அன்னைக்கே சரியாயிருச்சு. இப்ப அதைக் கிளறணுமா?"

ஆக, அவர் சொல்லியிருக்கிறார். யார் திருத்த வேண்டுமோ அவரிடமே தனியாகச் சொல்லிவிட்டு, அவராகத் திருத்துவார் என்று காத்திருக்கிறார். காத்திருந்த காலமெல்லாம் வரிசையின் கடைசியில் வண்டி ஓட்டி, சாட்டிலைட்டு என்ற கேலியைக் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டே அந்த மனிதர் முன்னால் போயிருக்கிறார். சரியாகிவிட்டதாம்.

பிறகு மாலை போட்டார்கள். தலைவர் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, படத்தில் வன்னியராஜனின் நெற்றியில் சந்தனம் வைத்தார். முதல் வரிசையில் இருந்த வன்னியராஜனின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மாட்டிக் கொடுத்த பிடி என் வண்டியில் இன்னும் அசையாமல் இருக்கிறது. சைக்கிள் டியூப் கூட நகரவில்லை. கண் மட்டும் இறங்கினால் போதும், தாடை இறங்குவதில்லை. அது என்னிடம் இருக்கும். வரும் ஆயுத பூஜைக்கு அந்த மூடியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன். இன்னொன்றும் என்னிடம் இருக்கும். அவர் கடைசி வரை வைத்துக்கொள்ள மறுத்த கோபம். யாராவது ஒருவர் அதை வைத்திருக்கத்தான் வேண்டும்.