ஒரே முகவரி, இரண்டு கணினிகள்

ஹூப்ளியின் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிகளைக் கவனித்துக்கொள்பவர் கிரிஜா ஹிரேமட். திங்கட்கிழமை காலை அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"மேடம், கம்ப்யூட்டர் வருது, போகுது. இந்த முகவரி வேற யாரோ வெச்சிருக்காங்கன்னு சொல்லுது. ஆபரேஷனுக்கு ரத்தம் அனுப்பணும்!"

"துண்டுச்சீட்டுல எழுதிக் கையோட கொடுத்தனுப்புங்க. கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்காதீங்க."

அதற்குள் பிரசவ வார்டிலிருந்தும் அதே புகார். கேபிள்தான் கெட்டுவிட்டது என்றார் நிர்வாகி தேசாயி. கிரிஜாவுக்கு அப்படித் தோன்றவில்லை. கேபிள் கெட்டால் கணினி ஊமையாகும். இன்னொருவன் முகவரியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாது.

அங்கே கணினிகளுக்கு முகவரி எண் கொடுப்பவை இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்தாலும் மற்றது வேலையைப் பார்க்கும். எந்த எண் யாருக்கு என்பதை இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும். கிரிஜா திறந்து பார்த்தபோது இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. முதலாவதில், 'கூட்டாளி செத்துவிட்டான், எல்லா எண்ணும் எனக்கே' என்ற நிலை போட்டிருந்தது. செத்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவதோ உயிரோடு எண் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த நிலையைப் போட்டவன் உதவியாளன் மகாந்தேஷ். அக்கா கல்யாணத்துக்காகச் கோகாக் ஊருக்குப் போயிருந்தான். கிரிஜா கூப்பிட்டபோது போனில் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

"ஆமா மேடம், நான்தான் போட்டேன். வெள்ளிக்கிழமை கரண்டு போனப்ப ரெண்டாவது எந்திரிக்கவே இல்ல. வேற வழியில்ல. என்னாச்சு? என்மேலயா வருது?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் பந்தியைக் கவனி."

இரண்டாவது சர்வரின் கடிகாரத்தைப் பார்த்ததும் கிரிஜாவுக்கு விளங்கிவிட்டது. உள்ளிருந்த சிறு பேட்டரி தீர்ந்து, நேரம் பல மணி நேரம் பின்தங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரோ மின் இணைப்பைச் சரிசெய்ய, அது தானாக எழுந்திருக்கிறது. நேரம் பொருந்தாததால் முதல் சர்வர் அதோடு பேச மறுத்துவிட்டது.

அவர் இரண்டாவதை நிறுத்தினார். சண்டை போட்ட கணினிகளை ஒவ்வொன்றாக மறுபடி துவக்கச் சொல்லி, மாடி மாடியாக ஏறினார். மதியத்துக்குள் வார்டுகள் அமைதியாயின. பேட்டரி மாற்றி, இரண்டு கடிகாரங்களும் ஒரே இடத்திலிருந்து நேரம் எடுக்கும்படி செய்து, அந்த நிலையை நீக்கிய பிறகே இரண்டையும் சேர்த்து ஓட விட்டார்.

மாலையில் தேசாயி கூப்பிட்டார்.

"டிரஸ்டிக்கு ரிப்போர்ட் போகணும். யாரு தப்புன்னு ஒரு பேர் வேணும். அந்தப் பையன்தானே அந்த நிலையைப் போட்டான்?"

"அன்னிக்கு அவன் அதைப் போடலேன்னா பாதி ஆஸ்பத்திரி நின்னிருக்கும் சார். கண்டிப்பா பேர் வேணும்னா பேட்டரின்னு எழுதிக்கோங்க."

தேசாயி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் பேட்டரி என்றே எழுதினார். கூடவே, நின்ற சர்வரை இனி கிரிஜாவிடம் சொல்லாமல் யாரும் எழுப்பக் கூடாது என்றும் சேர்த்தார்.

வியாழனன்று மகாந்தேஷ் கோகாக்கின் பேர்போன கரதண்டு இனிப்பு ஒரு பெட்டியோடு வந்து நின்றான். கிரிஜா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ரத்த வங்கிக்குக் கொஞ்சம் எடுத்துப் போகச் சொன்னார்.