உளுந்து போட்ட ரேடியேட்டர்

மெஹபூப் அலி மோட்டார் வண்டியைக் குதிரை என்றேதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மாமாவிடம் இருந்தது அப்படிப்பட்ட வண்டி.

மாமா பத்ரிநாராயணன் மயிலாப்பூரில் நல்ல பெயர் எடுத்த வக்கீல். அவர் வீட்டில் தங்கித்தான் நான் காலேஜ் படித்தேன். நான் வருவதற்குப் பல வருஷம் முன்பு அவரிடம் குதிரை வண்டி இருந்தது. அதை ஓட்டியவர் மெஹபூப் அலி. குதிரை கிழடாகிச் செத்தது. அந்தச் சமயம் பார்த்துச் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் தம்முடைய பழைய மோட்டாரை மாமா தலையில் கட்டிவிட்டுப் போனார். துணிக்கூரை போட்ட திறந்த வண்டி. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். வண்டி மாறினாலும் வண்டிக்காரரை மாற்ற மாமாவுக்கு மனம் வரவில்லை. "குதிரையை அடக்கினவனுக்கு இது எம்மாத்திரம்?" என்று சொல்லிவிட்டார்.

மெஹபூப் அலி எங்கேயோ போய்க் கற்றுக்கொண்டு வந்தார். மருதாணி போட்ட தாடி, துருக்கித் தொப்பி, எந்த வெயிலிலும் கழற்றாத காக்கிக் கோட்டு. காலையில் வந்ததும் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுப்பார். மேட்டில் ஏறும்போது நாக்கைச் சொடுக்குவார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் "தண்ணி காட்டறது" என்றுதான் சொல்வார். நான் சிரித்தால், "இன்னா சின்னய்யா, அதுக்கும் தாகம் எடுக்காதா?" என்று கேட்பார்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் அந்தத் தாகம் அளவுக்கு மீறிப் போயிற்று. ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. வண்டி நின்ற இடமெல்லாம் ஈரம். கோர்ட்டுக்குப் போகிற வழியிலேயே இரண்டு இடத்தில் நிறுத்தி வாளியைத் தூக்க வேண்டியிருந்தது. கழற்றி ஈயப்பற்று வைக்க வேண்டும், ஒரு வாரம் பிடிக்கும் என்று மௌண்ட்ரோடு ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். கோர்ட் நடக்கிற நாளில் ஒரு வாரம் வண்டியில்லாமல் இருக்க மாமா ஒப்பவில்லை.

"அப்போ ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றார் மெஹபூப் அலி. "ரெண்டு முட்டைய ஒடைச்சி வெள்ளைய மட்டும் உள்ள வுட்டா, சூட்டுல வெந்து ஓட்டைல ஒட்டிக்கும். எல்லா டிரைவரும் அப்டித்தான் செய்றான்."

மாமி ஜெயலக்ஷ்மி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "முட்டையா? ஏகாதசிக்கு ஏகாதசி பெருமாள் சேவிக்கப் போற வண்டி இது! திருவல்லிக்கேணி வரைக்கும் நான் முட்டையை வேகவெச்சுண்டே போகணுமா? நன்னாயிருக்கு!"

மெஹபூப் அலி உடனே காதைத் தொட்டுக்கொண்டார். மாமி அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுக்கு அன்றைக்கு யோசனை ஓடியது. "அந்தக் காலத்துல மொட்டை மாடியெல்லாம் உளுந்து அரைச்சு விட்டுத்தானே கட்டினா? ஒரு சொட்டு ஒழுகித்தா? நான் அரைச்சுத் தரேன்" என்று ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வெண்ணெய் மாதிரி அரைத்தாள். கிண்ணத்தை உயரத் தூக்கி, மெஹபூப் அலி நீட்டிய தகர டப்பாவில், மேலே படாமல் ஊற்றினாள். அவர் அதைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டருக்குள் விட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாத மருந்தைக் குதிரைக்குப் புகட்டுகிற முகம்.

ஒழுக்கு நின்றுவிட்டது! மாமிக்குத் தலைகால் புரியவில்லை. மாடவீதி முழுக்கத் தன் வைத்தியத்தைச் சொல்லி முடித்தாள். எங்கள் வண்டி எங்கே நின்றாலும் கொஞ்ச நேரத்தில் வடை வாசனை வரும். கோர்ட் வாசலில் மற்ற டிரைவர்கள் மெஹபூப் அலியிடம் சட்னி கேட்டார்களாம்.

கோடை வந்தது. கோர்ட்டை மூடினார்கள். இப்போதாவது பற்று வைத்துவிடலாம் என்று மெஹபூப் அலி சொன்னதற்கு, "அதான் நின்னுடுத்தே, எதுக்கு அதைப் போய்க் கிளறறே?" என்று மாமா சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில்தான் மெஹபூப் அலியின் ஒரே பிள்ளை ஹபீபுர் ரஹ்மான் பினாங்குக்குக் கப்பலேறினான். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. மெஹபூப் அலிக்கு அவனை அனுப்ப இஷ்டமே இல்லை. அவர் மனைவி ஹாஜிரா பீக்கு வேறு கவலை. பிரயாணம் போகிறவர் வலது புஜத்தில் ஒரு நாணயத்தைத் துணியில் முடிந்து கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். இமாம் ஜாமின் என்று பெயர். போகிறவரை இமாமின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டதாக அர்த்தம். இறங்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இறங்கியதும் அவிழ்த்து, நாணயத்தை ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஹாஜிரா பீயின் தம்பி ஒருவன் இதைக் கட்டிக்கொள்ளாமல் அவசரமாக ரங்கூனுக்குப் போனவன், திரும்பவேயில்லை. அதனால் பிள்ளைக்குத் தன் கையால் கட்டாமல் அவனைக் கடலில் விடுவதில்லை என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். பச்சைப் பட்டில் முடிந்து பல நாள் முன்பே தயாராக வைத்திருந்தாள்.

ஆனால் கப்பலேறுகிறவர்கள் விடியற்காலையே ஹார்பருக்குப் போய்விட வேண்டும். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பார், புஜத்தில் அம்மை குத்துவார், கையில் கட்டியிருப்பதை அவிழ்க்கச் சொல்வார். கட்டினதை நடுவில் அவிழ்த்தால் கட்டினதற்குப் பலன் இல்லை. டாக்டர் வேலையெல்லாம் முடியட்டும், மத்தியானத்துக்கு மேல் டிராமில் போய் ஹார்பரிலேயே கட்டிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள்.

இது மாமா காதில் விழுந்தது. "பிள்ளை கப்பலேறறான், கோஷால இருக்கற பொம்மனாட்டியை டிராம்ல இடிபட அழைச்சுண்டு போவியா? வண்டி சும்மாத்தானே நிக்கறது? எடுத்துண்டு போ" என்றார். மாமா நல்லவர். அவருடைய நல்லகுணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மெஹபூப் அலி என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். "சின்னய்யா, நாலு நாளா வண்டி சூடு ஜாஸ்தியா கீது. உள்ள தண்ணி ஓடலன்னு தோணுது."

"மாமாகிட்டச் சொல்லுங்களேன், பாய்."

"இன்னான்னு சொல்றது? அம்மா அரைச்ச உளுந்து சரியில்லன்னா? ஐயா குடுக்கற வண்டி வேணாம், டிராமே போதும்னா?" அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "வுடுங்க. அல்லா கொண்டாந்து சேப்பான்."

ஹார்பர் வாசலில் யாராவது தடுத்தால் இரண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசுவதற்கென்று மாமா என்னையும் கூட அனுப்பினார். பின் ஸீட்டைச் சுற்றிப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி, அதற்குள் ஹாஜிரா பீ உட்கார்ந்தாள். கச்சேரி ரோடு தாண்டி, சாந்தோம் தாண்டி, பீச் ரோட்டில் திரும்பினோம். தார் உருகுகிற வெயில். மெஹபூப் அலி நாக்கைச் சொடுக்கிக்கொண்டே வந்தார். முதலில் வடை வாசனை வந்தது. பிறகு தீய்ந்த வாசனை. ஐஸ் ஹவுஸ் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பானெட்டிலிருந்து புகையாக ஆவி கிளம்பி, வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

பக்கத்தில் ஒரு பங்களாவில் கெஞ்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஆவி அடங்கியதும் மெஹபூப் அலி மூடியைத் துணியால் பிடித்துக் கழற்றி, தண்ணீரை ஊற்றினார். அது உள்ளே இறங்கவேயில்லை. வாய்வரை வந்து நின்று, வெள்ளையாக நுரைத்து, எங்கள் காலடியிலேயே வழிந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி வழிந்தது. எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல். இங்கே அந்தப் பாழும் டப்பாவுக்குள் ஒரு செம்புத் தண்ணீரை இறக்க எங்களால் முடியவில்லை.

திரைக்குள்ளிருந்து, "இன்னும் எவ்ளோ நேரம், ஜீ?" என்று கேட்டாள் ஹாஜிரா பீ.

"தோ, ஆறிக்கினே கீது. கெளம்பிடும்."

"பாய், வண்டி கிடக்கட்டும்" என்றேன் நான். "ஒரு ஜட்காவைப் பிடிச்சுண்டு நீங்க ரெண்டு பேரும் போங்கோ. நான் காவல் இருக்கேன்."

"ஐயா வண்டிய நடுரோட்டுல வுட்டுட்டு நான் போறதா?" பதினைந்து வருஷமாக அந்த மனிதர் மாமாவின் வண்டியை விட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை. "ஒரு நிமிசம் சின்னய்யா, ஆறிட்டா போய்டலாம்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். வண்டி ஒரு தரம் உறுமும்; கொஞ்ச தூரம் போகும்; மறுபடி கொதிக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வேளையில் பீச் ரோட்டில் ஒரு ஜட்கா கிடையாது. திருவல்லிக்கேணிப் பக்கம் ஓடினேன். சந்து சந்தாக அலைந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜட்காக்காரனை எழுப்பி, ஏறிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வண்டி அதே இடத்தில் நின்றது. அவசரத்தில் மெஹபூப் அலி மூடியைச் சூட்டோடு திறந்திருக்கிறார். வலது முன்கை கோட்டோடு வெந்திருந்தது. மூடியைச் சூட்டோடு திறக்கக்கூடாது என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவர் அவர்தான். வலியை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஹாஜிரா பீ திரையை விலக்கிக்கொண்டு இறங்கி, முகத்திரையையும் தூக்கிவிட்டு, மணல் ஓரமாக நின்றிருந்தாள். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

கப்பல் ஹார்பரை விட்டு வெளியே வந்து தெற்கே திரும்பிவிட்டது. நாகப்பட்டினம் தொட்டுப் போகிற கப்பல்; நாங்கள் வந்த பக்கமாகவே, மயிலாப்பூரைப் பார்த்துத்தான் போயிற்று. மேல் தட்டில் மனிதர்கள் இருப்பது ஏதோ ஊர்கிற மாதிரி தெரிந்தது. முகம் ஒன்றும் தெரியவில்லை.

மெஹபூப் அலி வண்டிக்குள் கையை விட்டு ஹாரன் பந்தை அமுக்கினார். பாம், பாம் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அவன். தெருமுனையில் அது கேட்டால் அப்பா வருகிறார் என்று ஓடிவருவானாம். அலைச் சத்தத்தில் அது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "எங்க போவணும்?" என்று ஜட்காக்காரன் இரண்டு தரம் கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கப்பல் புகை மட்டும் தெரிகிறவரை நின்றுவிட்டு ஹாஜிரா பீ திரும்பி வந்தாள். மடியிலிருந்து அந்தப் பச்சைப் பட்டு முடிச்சை எடுத்தாள். "கைய நீட்டு ஜீ" என்றாள். "இத்த கட்டாம வூட்டுக்கு எடுத்தினு போவ மாட்டேன்." அவருடைய கோட்டைத் தோளிலிருந்து நழுவவிட்டு, வெந்த கைக்கு மேலே, வலது புஜத்தில், பிள்ளைக்குச் சொல்ல வைத்திருந்த துவாவையெல்லாம் சொல்லிக் கட்டினாள். அவர் சின்னக் குழந்தை மாதிரி நின்றார்.

வண்டியை இரண்டு மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். ஒர்க்ஷாப்பில் ரேடியேட்டரைப் பிரித்தபோது குழாய் முழுக்க உளுந்து அடை தட்டிக் கிடந்ததாம். மாமி விஷயம் கேட்டு நிஜமாகவே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொட்டை மாடிக்குச் சேர்க்கற மாதிரி ஒரு கட்டி வெல்லமும் சேர்த்திருக்கணும், எனக்குத் தோணாமப் போச்சே" என்றாள். மெஹபூப் அலி, "உங்க மேல தப்பு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஹபீபுர் ரஹ்மான் பினாங்கில் நல்லபடியாக இறங்கினான். வேலையும் பிடித்துப்போயிற்று. திரும்பி வருகிற பேச்சையே காணோம்.

அடுத்த கோடையில் ஒரு நாள் மெஹபூப் அலி கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டி கழுவிக்கொண்டிருந்தார். தழும்புக்கு மேலே அந்த முடிச்சு, பச்சை வெளுத்துப்போய், இன்னும் இருந்தது.

"பாய், பிள்ளைதான் பத்திரமாப் போய் இறங்கிட்டானே? இன்னும் அவிழ்க்கலையா?" என்று கேட்டேன்.

"அவன் எறங்கிட்டான், சின்னய்யா" என்றார் அவர். "இத்த கட்டிக்கினவன் நான். நான் இன்னும் ஹார்பருக்கே போய் எறங்கலியே."