அக்கரையில் நின்று சொன்ன ‘வாரேன்’

அந்தக் குடிசைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. யார் வரப்போகிறார்கள் என்று தாழ்ப்பாள்? முன்னால் தாமிரபரணி, பின்னால் வாய்க்கால், நடுவில் முதலாளியின் வாழைத்தோட்டம். தோட்டத்து ஓரத்தில் கரைமேல் ஒரு பெரிய மருதமரம். அதன் காலடியில் பனையோலை வேய்ந்த என் குடிசை. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, எதிர்க்கரையில் இருந்தது அந்த இடம். பக்கத்து ஊருக்குப் போக வயல்வரப்பில் வெகுதூரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் வாய்க்கால் வழிந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். அப்புறம் நானும் வாழையும்தான்.

தோட்டக் காவலுக்கு வருமுன் திருநெல்வேலிச் சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். சந்தை என்றால் எனக்குப் பேச்சு. பள்ளிக்கூடம் போனவனில்லை நான். பாளையங்கோட்டையில் பாதிரிமார் ஆட்கள் இலவசமாகக் கொடுத்த துண்டுத்தாள்களை வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுத்துக் கூட்டினேன். ஆனால் எழுத்தைவிட, ஆட்கள் வாயிலிருந்து விழுகிறதைப் பொறுக்குவதில்தான் எனக்கு ருசி. கருவாடு விற்கிற அம்மாள் ஒருத்தி தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள்: “அவுக வீட்டுலதான் இருக்காக. ஆனா இருக்காகளான்னு கேட்டா, இல்ல.” இதை நினைத்து நான் ஒரு வாரம் சிரித்தேன். காயல்பட்டினத்திலிருந்து வாழைத்தார் வாங்க வருகிற வியாபாரி ஒருவர், விலை படியாமல் எழுந்து போகும்போதெல்லாம், “நான் கோவிச்சுக்கிட்டுப் போகல அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாம இருக்கதுக்குத்தான் போறேன்” என்பார். இப்படி ஆயிரம் பேச்சைக் கேட்ட காது, அந்தக் கரைக்குப் போனதும் சும்மா இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி வௌவால் விரட்டுவதும், தட்டாத நேரம் சோறு பொங்குவதும்தான் என் பிழைப்பு.

சும்மா சொல்லக்கூடாது, இடம் அழகான இடம். தை மாசத்துத் தண்ணீர் அடிமணல் தெரிய ஓடும். மருதவேர்கள் ஆற்றுக்குள் இறங்கி விரல் விரித்துக் கிடக்கும். மீன்கொத்தி ஒன்று எப்போதும் அதே வேரில்தான் உட்காரும். வேறொரு பறவை அங்கே உட்கார்ந்தால் சண்டைக்குப் போகும். ஆனி பிறந்தால் மேற்கே மலையில் மேகம் இறங்கி, காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு வந்து வாழையிலைகளைக் கிழித்துப் போடும். கிழிந்த இலைகள் நாள் முழுக்கப் படபடக்கும். தூரத்தில் யாரோ கூட்டமாகப் பேசுகிற மாதிரி இருக்கும். பல நாள் நான் வேலையை விட்டுவிட்டுக் காதைத் திருப்பியிருக்கிறேன்.

கல்யாணம் ஆன வருஷம் என் மனைவியும் அங்கே வந்து தங்கினாள். அவளும் நானும் சொந்தம்தான். அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். வந்த மறுநாள் விடிகாலையில் என்னை உலுக்கி எழுப்பினாள்.

“அத்தான், எதிர்ல ஆளு இருக்கு.”

எட்டிப்பார்த்தால் நாணலுக்குப் பக்கத்தில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று. தாய், தகப்பன், பின்னால் குட்டிகள். விசில் அடிக்கிற மாதிரி ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு மீனைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. அன்றுமுதல் அவை எங்களுக்கு ‘எதிர்வீட்டுக்காரக’ ஆகிவிட்டன. காலையில் பல் விளக்கப் போகும்போது, “எதிர்வீட்டுக்காரக எந்திரிச்சிட்டாகளா?” என்பாள். மீன் கிடைக்காத நாளில், “அவுக வீட்டுல கொழம்பு மணக்குது, நம்ம வீட்டுலதான் வெறும் மோரு” என்பாள். அந்தக் குடிசையில் நான் தங்கிய காலங்களில் அதுதான் நிறைந்த காலம்.

ஆனாலும் அவளுக்கு அந்த இடம் பிடிபடவில்லை. பகலில் சிரிப்பாள், விளக்கு ஏற்றும் நேரம் வந்தால் முகம் சுருங்கிவிடும். “இங்கன ஒரு பேச்சுச் சத்தம் இல்லியே அத்தான். நீங்க ஒருத்தரே எம்புட்டுத்தான் பேசுவீக?” என்று ஒருநாள் கேட்டாள். நான் எவ்வளவு பேசினாலும் அது ஒரே குரல்தானே.

தலைப்பிரசவத்துக்கு ஆழ்வார்திருநகரியில் தாய்வீட்டுக்குப் போனாள். தோணியில் ஏறி உட்கார்ந்து, “வாரேன் அத்தான்” என்றாள். “போயிட்டு வா” என்றேன். எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவர் யாரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள். அது சாகிறவர் சொல்கிற சொல். போகிறவர் ‘வாரேன்’ என்பார். இருக்கிறவர் ‘போயிட்டு வா’ என்பார். கடைத்தெருவுக்குப் போனாலும் அதுதான், கடல்தாண்டிப் போனாலும் அதுதான்.

குழந்தை பிறந்தது, தங்கவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உடம்பு தேறியதும் வருவாள் என்று மாமியார் சொன்னார். உடம்பு தேறியது, அவள் வரவில்லை. சொல்லி அனுப்பினேன். “பாக்கலாம்” என்று பதில் வந்தது. மறுபடி சொல்லி அனுப்பினேன். பதிலே வரவில்லை. நாணலுக்குப் பக்கத்தில் குட்டிகள் பெரிதாகிவிட்டன. காலையில் பல் விளக்கப் போகும்போது, கேட்க ஆளில்லாமல் நானே, “எந்திரிச்சிட்டாக, எந்திரிச்சிட்டாக” என்று சொல்லிக்கொள்வேன்.

ஐப்பசி முதல் மழை பெய்துகொண்டிருந்தபோது தோணிக்காரன் ஒரு சேதி கொண்டுவந்தான். என் வயசுக்காரன். அரிசியும் உப்பும் அவன்தான் கொண்டுவருவான். அந்தக் கரைக்கு வருகிற ஒரே வாய் அவனுடையது.

“உம்ம மச்சினன் கொழும்புலேருந்து வந்திருக்காருவே. குடையும் காலுல சப்பாத்துமா நடக்காரு. பொஞ்சாதிக்கு அங்க பேறுகாலமாம், தங்கச்சியத் தொணைக்குக் கூட்டிட்டுப் போகப்போறாராம்.”

“அவ என்ன சொல்லுதாளாம்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான் தோணி தள்ளுதவன்.”

மறுநாளே கிளம்பியிருப்பேன். ஆனால் வானம் விடவில்லை. அன்று பிடித்த மழை நிற்காமல் பெய்து, ஆறு செம்மண் நிறத்தில் கரை மட்டத்துக்கு ஏறியது. வாய்க்காலும் வழிந்து, வயல் எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. வேரோடு பிடுங்கிய மரங்கள் உருண்டு போயின. மீன்கொத்தி உட்காரும் வேர் முங்கிவிட்டது. நாணல் இருந்த இடமே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் எங்கே போனார்களோ. குடிசைக்குள் உட்கார்ந்து, அவள் கப்பல் ஏறிவிடுவாளா, ஏறுமுன் ஒரு தடவை வருவாளா என்று இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆற்று இரைச்சலில் என் இருமல்கூட எனக்குக் கேட்கவில்லை.

மழை விட்டுத் தூறிய ஒரு மத்தியானம், அக்கரைப் படித்துறையில் ஆட்கள் தெரிந்தார்கள். குடை பிடித்த ஒருவர். பக்கத்தில் அவள். அவள் வழக்கமாகக் கட்டுகிற காவிக் கண்டாங்கிச் சேலையை நான் எந்தத் தூரத்திலும் அறிவேன். அவள் காலடியில் ஒரு தகரப்பெட்டி. தோணிக்காரன் தோணியைப் படித்துறை மண்டபத்துத் தூணில் கட்டிவிட்டுச் சும்மா நின்றான். அந்த வெள்ளத்தில் தோணி இறக்க யாராலும் முடியாது.

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அது கப்பலுக்குப் போகிற பெட்டி. சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறாள்.

இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டு அவள் எதையோ நீளமாகக் கத்தினாள். தண்ணீர் இரைச்சலில் முன்னும் பின்னும் போய், ஒரே ஒரு சொல் வந்து சேர்ந்தது.

“...வாரே...ன்...”

நான் கரையின் நுனிக்குப் போனேன். போகிறவளைத் தடுத்து நிறுத்துகிற மாதிரி ஒன்றும் சொல்லிவிடக்கூடாது, நல்ல வாக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். கையைத் தூக்கி, தொண்டை கிழிய, “போயிட்டு வா...” என்று கத்தினேன்.

அவள் வாயோரம் குவித்த கையை இறக்கினாள். பிறகு குனிந்து பெட்டியை அவளே எடுத்துக்கொண்டாள். குடை பின்னால் போயிற்று. படித்துறை வெறிச்சென்று ஆனது. நான் குடிசைக்குள் வந்து அடுப்பை ஊதினேன். விறகெல்லாம் ஈரம்.

தண்ணீர் வடிந்து தோணி வந்த அன்று, தோணிக்காரன் கரையில் இறங்காமல் தோணியிலேயே நின்று என்னைப் பார்த்தான்.

“ஏம்வே, உமக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?”

“என்னவே?”

“பொண்டாட்டி பெட்டி படுக்கையோட வந்து நின்னு, ‘தண்ணி வடிஞ்சதும் வாரேன், அடுப்ப அணைய விடாதீங்க’ன்னு கத்துதா. நீரு ‘போயிட்டு வா’ங்குதீரு. வெள்ளம் வடியிறவரைக்கும் மண்டபத்துலயே இருக்கேன்னு எங்கிட்டச் சொல்லிட்டிருந்தவ அவ. அண்ணங்காரரு, ‘பாத்தியா, மாப்பிள்ளைக்கு நீ வேண்டாம்’னாரு. பேசாமப் போயிட்டா.”

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சொல்லைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு திரிந்தவனுக்கு, தன் மனைவியின் ஒரு சொல் பிடிபடவில்லை. அந்தச் சொல் வருகிறவருக்கும் அதுதான், போகிறவருக்கும் அதுதான். எங்கள் ஊரில் பிறந்தவனைத் தவிர வேறு யாராலும் இப்படி ஏமாற முடியாது.

“தோட்டம்?” என்றேன்.

“உம்ம அக்கரையில விட்டுட்டு வந்து நான் பாத்துக்கிடுதேன். தகரத்த எங்கன வச்சிருக்கீரு? ஏறும்.”

ஆழ்வார்திருநகரி போய்ச் சேர்ந்தபோது வாசலில் வண்டி பூட்டி நின்றது. மைத்துனர் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வேலையை நிறுத்திவிட்டுத் தெருக்கோடிவரைக்கும் போய் நின்றார். அது அவர் பெருந்தன்மை. மாமியார் ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாரேன்னு சொன்னியாமே” என்றேன்.

“சொன்னேன். நீங்க ‘போ’ன்னீக.”

“‘போயிட்டு வா’ன்னேன்.”

அவள் யோசித்தாள். “‘வா’ வரல அத்தான். அது ஆத்தோட போயிட்டு. ‘போ’ மட்டுந்தான் எங்கிட்ட வந்து சேந்துது.”

நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்பதைச் சொன்னேன், பெட்டியைப் பார்த்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்தாள்.

“பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நெனச்சீக? அம்மிக்குழவி. அங்கன உள்ளது தேஞ்சு போச்சுன்னு பொலம்பிக்கிட்டே இருப்பீகளே.”

“அப்ப இறக்கிருவமா?” என்று வண்டியைக் காட்டினேன்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். “நீங்க போகச் சொல்லிட்டீகன்னு நெனச்சு, அண்ணங்கிட்ட வாரேன்னு சொல்லிட்டேன். மதினி அங்க தனியாக் கெடக்கா. ஒரு ‘வாரேன்’ கெட்டது போதும். இதையுங் கெடுக்கச் சொல்லாதீக.”

பிள்ளை பெறப்போகிற வீட்டுக்கு, பிள்ளையை இழந்தவள் துணைக்குப் போகிறாள்.

தூத்துக்குடிக்கு வண்டி கிளம்பியது. பின்பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்து, “வாரேன்” என்றாள்.

‘போயிட்டு’ தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“வா” என்றேன்.

அந்த வருஷம் குடிசையில் இருந்தது போல நான் எப்போதும் தனியாக இருந்ததில்லை. கார்த்திகையில் சேறு காய்ந்தது. தையில் தண்ணீர் தெளிந்தது. மீன்கொத்தி தன் வேருக்கு வந்துவிட்டது. நாணல் புதிதாகத் துளிர்த்து, காற்றில் சாய்கிற உயரமும் வந்தது. அதற்குள்ளிருந்து விசில் சத்தம் மட்டும் வரவில்லை. சித்திரையில் ஆறு ஒல்லியாகிப்போக, மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தேன். சாயங்காலம் வௌவால்கள் மருதமரத்தை விட்டுக் கிளம்பும்போது தகரத்தை எடுப்பேன்; சில நாள் தட்டாமலே வைத்துவிடுவேன். அவையும் போய்விட்டால் கரையில் யார் இருக்கிறார்கள்? தோணிக்காரன் வரும்போதெல்லாம் அவன் வாயைத் திறக்குமுன் தோணியைத்தான் பார்ப்பேன். அரிசி இருக்கும். உப்பு இருக்கும். அடுப்பை மட்டும் அணையவிடவில்லை. சோறு இறக்கியதும் தணலைச் சாம்பல் போட்டு மூடிவைப்பேன்.

ஆனி மாசம் மலையில் மழை பிடித்துப் புதுத்தண்ணீர் வந்த வாரம், தோணி அக்கரையிலிருந்து வழக்கத்தைவிடப் பைய வந்தது. நடுவில் காவி நிறம் தெரிந்தது. பாதி ஆறு வந்ததும் தோணிக்காரன் கத்தினான்:

“வே, என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்கீரா? தப்பாச் சொன்னீருன்னா திருப்பிருவேன்.”

நான் வாயைத் திறக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றேன்.

அவள் இறங்கினாள். மெலிந்திருந்தாள். பெட்டி கனமாகத்தான் இருந்தது. குடிசையைப் பார்க்கவில்லை, என்னையும் சரியாகப் பார்க்கவில்லை. நேராக நாணலைப் பார்த்தாள்.

“எதிர்வீட்டுக்காரக?”

“வெள்ளத்துல போனவக. இன்னும் வரல.”

காற்றில் வாழையிலைகள் படபடத்தன. பிறகு பெட்டியின் ஒரு காதை அவள் பிடிக்க, மறு காதை நான் பிடித்துக் கரையேறினோம்.