பால்மாக் கள்ளன்

என் வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே கள்ளனை, பத்து வயதில், எங்கள் ஊரான உடையார்கட்டில், எங்கள் வீட்டுக்குள்ளேயே பிடித்தேன். அந்தப் பெருமை இன்னும் எனக்குக் குறையவில்லை.

அப்போது பக்கத்து வளவு மாமி வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு மர்ம நாடகம் போகும். அதில் எனக்கு உயிரான கட்டங்கள் இரண்டு. ஒன்று, துப்பறிபவர் வாசலில் மாவைத் தூவிவிட்டுப் போக, பிறகு அதில் கள்ளனின் காலடி விழுந்து கிடப்பது. மற்றது, எல்லோரையும் கதிரைகளில் இருத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி அவர்களைச் சுற்றி நடப்பது. யாருக்குப் பின்னால் நிற்கிறாரோ அந்த ஆளின் கதை முடிந்தது. அந்த இடத்தில் நானும் தம்பியும் மூச்சுவிட மாட்டோம்.

கடைசிப் பகுதிக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான், குசினியில் பால்மா குறைவதை அம்மா கவனித்தார்.

"களவெடுத்த ஆள் ஒத்துக்கொள்ளுமட்டும் ஒருத்தரும் நாடகம் பாக்கேலாது" என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

என்னைப் பார்த்ததில் நியாயம் இருந்தது. பால்மாப் பேணி இருந்த மேல் தட்டு தம்பிக்கு எட்டாது. அப்பாவில் சந்தேகப்பட வழியே இல்லை. போரில் வலது காலை இழந்தவர். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் இருக்க, பேணியை எந்தக் கையால் எடுப்பார்? அவருக்குக் கொடுத்த பொய்க்கால், கடிக்கிறது என்று இரண்டு வருடமாக அலுமாரிக்குள் கிடந்தது. அதைப் பற்றிக் கதைத்தாலே சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவார். ஆகவே மிஞ்சியது நான். செய்யாத களவுக்கு நாடகத்தை இழப்பதை நினைக்க எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் காலை அம்மா கச்சான்கடலைத் தோட்டத்துக்குப் போனதும், வீட்டிலிருந்து தள்ளியிருந்த குசினியின் வாசலில் அடுப்புச் சாம்பலை நன்றாகத் தூவிவிட்டுத் தம்பியோடு பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் காலடிகள்! இடது காலில் ஐந்து விரல்களும் அச்சாக விழுந்திருந்தன. வலது காலில் ஒரு விரலும் இல்லை. அப்பா முற்றத்து வேம்பின் கீழ் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்க, நான் மெதுவாக அலுமாரியைத் திறந்தேன். பொய்க்காலின் அடியில் சாம்பல் ஒட்டியிருந்தது.

அம்மா வந்ததும் மூவரையும் உள்ளே கூப்பிட்டேன்.

"எல்லாரும் இருங்கோ. ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

அம்மாவும் அப்பாவும் கதிரைகளில், தம்பி கவிழ்த்த வாளியில். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று நடந்தேன். ஒரு சுற்றே போதும், ஆனால் அந்தச் சுகத்தை யார் விடுவார்? பிறகு அப்பாவின் பின்னால் நின்றேன்.

"கள்ளன் இவர்தான். பொய்க்காலைப் போட்டுக்கொண்டு குசினிக்குப் போனவர். சாம்பலிலை அடையாளம் கிடக்கு!"

அப்பா தலையைக் குனிந்து சிரித்தார். "ஓம், நான்தான். சும்மா நடக்க அலுப்பாக் கிடந்தது. குசினி வரைக்கும் போனால் ஒரு கரண்டி எண்டு வைச்சனான்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினை நாளா நடக்கிறியள்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனை நாளாகக் களவெடுக்கிறார் என்றல்லவா கேட்க வேண்டும்?

"ரண்டு கிழமை. முதல் விழுந்து விழுந்துதான். நீங்கள் ஒருத்தரும் பாக்கக்கூடாதெண்டு இருந்தன்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடி அழுதார். ஒரு பேணி பால்மாவுக்கு இவ்வளவு அழுகையா என்று தம்பி என் காதில் கேட்டான். பால்மா என்ன விலை விற்கிறது தெரியுமா என்று நான் அவனை அடக்கினேன்.

கடைசிப் பகுதியை மாமி வீட்டில் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். அதில் யார் கொலைகாரன் என்பது இப்போது மறந்துவிட்டது.

நாளுக்கு இரண்டு தரம் கூட்டுகிற அம்மா, அந்தச் சாம்பலை மட்டும் மூன்று நாள் கூட்டவில்லை. கோழிகளையும் அண்டவிடாமல், தானும் மிதிக்காமல் தாண்டிப் போய் வந்தார். மாமியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார். இருவரும் குனிந்து அந்தக் காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் துப்பறியும் திறமையைத்தான் பார்க்கிறார்கள் என்று, நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.